தங்கை வரைந்த தெற்கு வாசல்

இம்மலரின் முதற் பக்கத்தில் எங்கள் தங்கையின் பெயரும் பிறந்த நாளும் மறைந்த நாளும் அச்சாகியுள்ளன. அடுத்த பக்கத்தில் திருமுறைப் பாடல்களும் அதற்கடுத்து வம்சாவளியும் உள்ளன. ஆதலால் அவற்றை இங்கு நான் மீண்டும் எழுதவில்லை. இறந்தவரைப் பெயர் சொல்லி எழுதுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமன்று. எனக்கு அவர் தங்கை. இக்கட்டுரையிலும் தங்கையாகவே வருவார்.

தங்கைக்கு மலர் எழுதும் நிலை எந்தத் தமையனுக்கும் வரக்கூடாது. அவர் என்னிலும் பதினேழு வயது இளையவர். முறைப்படி என்னைப் பற்றி அவரே எழுதியிருக்க வேண்டும். அதனைச் சொல்லி என்னைக் கேலி செய்வதும் அவருக்கு வழக்கம். இத்தகைய மலரை எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்பார்கள். "பெரியண்ணை, உங்கடை கல்வெட்டிலை நான் ஒரு சொல்லும் கூட்டி எழுதமாட்டன். படமும் சிரிக்காத படமாத்தான் போடுவன். சிரிக்கிற படம் ஒண்டும் உங்களிட்டை இல்லைத்தானே" என்பார். அவருடைய படத்தைத் தேடி எடுத்தபோது எல்லாப் படங்களிலும் சிரித்துக்கொண்டே இருந்தார். அவற்றுள் ஒன்றைத்தான் அட்டையில் காண்கிறீர்கள்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஸ்கந்தபுரத்துப் பள்ளிக்கூடச் சுவர் தங்கையின் பிழையால் விழுந்தது என்றொரு கதை சில ஆண்டுகளாக இப்பகுதியில் நிற்கிறது. செத்தவீட்டு முற்றத்திலும் அது என் காதுபடவே வந்தது. அக்கதை உண்மையன்று. உண்மையை அச்சில் வைப்பதற்காகவே இம்மலரில் வேறெவரிடமும் கட்டுரை கேளாமல் நானே எழுத முன்வந்தேன். எனினும் ஒருவரின் வாழ்வைப் பழியிலிருந்து தொடங்குதல் முறையன்று. ஆகவே பிறப்பிலிருந்து வருகிறேன்.

எங்கள் ஐயா வடமராட்சியிலிருந்து வந்து, இரணைமடுக் குளத்தின் கீழ்க் குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்று, காடு வெட்டி வயலாக்கியவர். அவருக்கு நாங்கள் நான்கு பிள்ளைகள். நான் மூத்தவன். நடுவில் இரண்டு தம்பிமார். கடைசியாகப் பிறந்தவர் தங்கை. அப்போது நான் யாழ்ப்பாணத்தில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி பிறந்திருக்கிறாள் என்று ஐயா ஒரு தபாலட்டை அனுப்பினார். அதன் மறுபாதியில் வயலுக்கு உரம் வாங்கி அனுப்பும்படி எழுதியிருந்தார்.

தங்கைக்கு எட்டு வயதிருக்கும்போது எங்கள் வீட்டுக் குசினியின் மேற்குப் பக்கத்தில் இரண்டு ஓலைக் கிடுகுகளைத் தானாகவே பிரித்துவிட்டார். மழை வந்தால் அடுப்பு நனையும் என்று ஐயா அடிக்கப் போனார். அம்மா குறுக்கே நின்று, "விடுங்கோ அவளை. இண்டைக்குத்தான் நான் கண் எரியாமல் சமைச்சனான்" என்றார். புகை அந்த இடைவெளியால் வெளியே போய்க்கொண்டிருந்தது. தங்கை கட்டிய முதற் கட்டடம் எது என்று எவரேனும் கேட்டால் நான் அந்தக் குசினியைத்தான் சொல்வேன்.

ஐயா காலமான பின் தங்கையின் படிப்பு என் பொறுப்பாயிற்று. நான் அப்போது ஆசிரியனாக இருந்தேன், பின்னர் பள்ளி அதிபரானேன். கணிதத்தில் நல்ல பெறுபேறு பெற்றுத் தங்கை பல்கலைக்கழகம் சென்றார். அவர் தேர்ந்தது கட்டடக்கலை. பெண்பிள்ளை அதைப் படித்து என்ன செய்வாள் என்று உறவினர் கேட்பார்களே என்றெண்ணி, எந்திரவியல் படிக்கிறார் என்றே எல்லாருக்கும் சொல்லி வைத்தேன். விடுமுறையில் வந்தபோது அயலவர் ஒருவர் தம் தண்ணீர்ப் பம்பியைத் திருத்தித் தரும்படி தங்கையிடம் கொண்டுவந்தார். அன்றுதான் விடயம் வெளியாயிற்று. "அண்ணை, பம்பிக்கு வீடு வேணுமெண்டால் கட்டித் தாறன். பம்பி பெரியண்ணைக்குத்தான் தெரியும்" என்று சொல்லி என்னைக் கைகாட்டிவிட்டார்.

படிப்பு இடையில் நாட்டு நிலைமையால் குழம்பியது. இருந்தும் முடித்தார். கொழும்பில் ஒரு கட்டடக் கலைஞர் அலுவலகத்தில் சேர்ந்தார். தங்கை வரைந்த மூன்று மாடிக் கட்டடம் ஒன்று அங்கே எழுந்தது. அதன் படத்தைச் சட்டமிட்டு எங்கள் வீட்டு விறாந்தையில் மாட்டினேன். வருகிற ஒவ்வொருவருக்கும் கதிரை கொடுப்பதற்கு முன்பே அப்படத்தைக் காட்டியிருக்கிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு அம்மாவின் திவசத்துக்காக இரண்டு வார விடுப்பில் வந்தார். அந்த இரண்டு கிழமைக்குள் போர் மூண்டு பாதை மூடப்பட்டது. சீமெந்து வருவது நின்றது. இரும்புக் கம்பி, ஆணி, மண்ணெண்ணெய், மின்கலம் எல்லாம் நின்றன. சில மாதங்களின் பின் அனுமதி பெற்று வவுனியாவுக்கூடாகப் போகலாம் என்றாயிற்று. நான் அவரைத் திரும்பிப் போகும்படி சொன்னேன்.

"போய் என்ன செய்ய பெரியண்ணை? அங்கை சீமெந்தும் கிடக்கு, என்னைப் போலை ஆக்களும் கிடக்கினம். இஞ்சை ரண்டும் இல்லை. ஒண்டெண்டாலும் இருக்கட்டும்" என்றார்.

வரனும் அப்போது வந்தது, வெளிநாட்டு வரன். அதையும் வேண்டாமென்றார். திருமணம் பற்றி உறவினர் பலர் என்னிடம் கேட்டதுண்டு. அது அவருடைய தீர்மானம். அதற்குமேல் அதுபற்றி எழுத இம்மலரில் இடமில்லை.

சீமெந்தில்லாத நாட்டில் ஒரு கட்டடக் கலைஞர் என்ன செய்வார் என்று நானும் மற்றவர்களைப் போலவே எண்ணினேன். தங்கை மண்ணைப் படிக்கத் தொடங்கினார். கரையான் புற்று மண்ணையும் குளத்துக் களியையும் வெவ்வேறு அளவில் குழைத்து மண்கல்லாக அரிந்து, வெயிலில் காயவைத்து, ஒவ்வொன்றையும் வாளித் தண்ணீரில் போட்டு எத்தனை மணிக்கூட்டில் கரைகிறது என்று பார்ப்பார். எங்கள் முற்றம் முழுவதும் வாளிகளாக இருந்தது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து தண்ணீரூற்றுப் பக்கத்தில் தங்கியிருந்த கடற்றொழிலாளரிடம், ஆணியில்லாமல் கூரை கட்டும் முடிச்சுகளைக் கற்றார். அவருக்கு அவற்றைக் கற்றுக் கொடுத்தவர் யோசேப்பு அண்ணர். முதல் நாள் தங்கை போட்ட முடிச்சைப் பார்த்து அவர் சொன்னாராம்: "மிஸ்ஸுக்குப் பல்கலைக்கழகத்திலை உதைக் காட்டித் தரேல்லையோ? உது காலிலை சப்பாத்துக்குப் போடுற முடிச்செல்லோ. உந்த முடிச்சிலை கட்டினால் கூரை முதல் காத்திலை கொழும்புக்குப் போயிடும்."

அவருடைய வேலைமுறையை இங்கு எழுதி வைக்க வேண்டும். வரைதாள் கிடைக்காத காலம். பால்மாத் தகரப் பேணி ஒன்றின் அடியில் துளைகளிட்டு, அதில் அடுப்புச் சாம்பலை நிரப்பிச் சைக்கிளில் கொண்டு திரிவார். கட்டடம் எழவேண்டிய வெறுந்தரையில் அப்பேணியைத் தட்டித் தட்டி, சுவர் இங்கே, வாசல் இங்கே, யன்னல் இங்கே என்று முழு அளவில் கோடு போடுவார். பிறகு அக்கட்டடத்தில் புழங்கப் போகிறவர்களை அழைத்து அதற்குள்ளே நடக்கச் சொல்வார். தண்ணீர்க் குடத்துடன் பெண்கள் நடப்பார்கள். பிள்ளைகள் வரிசையாக நிலத்தில் இருப்பார்கள். எவரேனும் கோட்டை மிதித்தால், "சுவரிலை முட்டிப்போட்டியள். வலிக்கேல்லையோ?" என்பார். பலர் ஒரே இடத்தில் மிதித்தால் அக்கோட்டைக் காலால் அழித்துவிட்டு வேறு இடத்தில் போடுவார். பட்டதாரியான தங்கை நடுவெயிலில் சாம்பல் பேணியோடு நிற்பதைக் காண எனக்கு அக்காலத்தில் கூச்சமாக இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

கிளிநொச்சிப் பக்கம் முழுவதும் இடம்பெயர்ந்த ஆண்டில் நாங்களும் வயலையும் வீட்டையும் விட்டு ஸ்கந்தபுரத்துக்கு வந்தோம். விறாந்தையில் மாட்டியிருந்த அந்தப் படமும் வீட்டோடு போயிற்று. மரங்களின் கீழே பிள்ளைகள் படித்தார்கள். மழைக்கு முன் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று பெற்றோர் கூடிக் கட்டடக்குழு அமைத்தார்கள். பணியிலிருந்து இளைப்பாறிய அதிபர் என்ற வகையில் என்னைத் தலைவராகத் தெரிவு செய்தார்கள். கட்டடத்தை வரைந்தவர் தங்கை. கட்டியவர் மேசன் செல்லையா.

சாம்பற் கோடு போட்ட அன்று நானும் நின்றேன். இடம்பெயர்ந்து வந்த பாக்கியம் என்ற கைம்பெண் பிள்ளைகளுக்கு இலைக்கஞ்சி காய்ச்சும் பொறுப்பில் இருந்தார். தங்கை அவரிடம், "பாக்கியமக்கா, இஞ்சை மழை எங்காலை அடிக்கிறது?" என்று கேட்டார். பாக்கியம் வடகிழக்கே கையைக் காட்டி, "உங்காலைதான் மிஸ். கார்த்திகையிலை வந்து பாருங்கோ, ஆளைத் தள்ளும்" என்றார். அதைக் கேட்டுத் தங்கை கிழக்குச் சுவரை வாசலோ யன்னலோ இல்லாத நெடுஞ்சுவராக வைத்தார். அதற்கு வெளிப்புறத்தில் நான்கு முட்டுச்சுவர்கள் முண்டுகொடுத்து நின்றன. மழைநீர் சுவரில் படாதபடி கூரையின் தாழ்வாரத்தை இடுப்பளவு உயரத்துக்கு இறக்கினார். வாசலைத் தெற்கே வைத்தார்; அங்கே தாழ்வாரம் குனிந்து நுழையும் உயரத்தில் இருந்தது.

செல்லையா தலையைச் சொறிந்தார். "மிஸ், தெற்கு யமன்ரை திக்கெல்லோ?"

"செல்லையா அண்ணை, யமனுக்கு இப்ப வாசல் தேவையில்லை. அவர் மேலாலைதானே வாறார்" என்றார் தங்கை.

நின்ற எல்லாரும் சிரித்தார்கள். பிறகு, அக்காலத்தில் எங்கள் எல்லாருக்கும் வந்துவிட்ட பழக்கம்போல, ஒருமுறை வானத்தைப் பார்த்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதிபரின் தங்கை பள்ளிக்கூடத்துக்கு யமதிசையில் வாசல் வைத்தாள் என்ற பேச்சு ஊரில் எழும் என்பதே என் மனதில் நின்றது. எழவும் செய்தது.

சுவர்கள் தோளளவு உயர்ந்திருந்த நேரத்தில் தங்கை தண்ணீரூற்றுக்குப் போனார். அங்குள்ள கடற்றொழிலாளருக்கு ஒரு வழிபாட்டு மண்டபம் அமைக்க ஒப்புக்கொண்டிருந்தார். மூன்று கிழமையில் வருவதாகச் சொன்னார். அந்த மூன்று கிழமைக்குள் ஆவணி முடியும் தறுவாய்க்கு வந்தது. புரட்டாதியில் வாசல்நிலை வைப்பது எங்களிடம் வழக்கமில்லை. ஐயர் நாள் பார்த்து ஆவணியின் கடைசிச் சுபவேளையைக் குறித்துத் தந்தார். வாசல் கிழக்கே இருப்பதுதான் உத்தமம் என்றும் சொன்னார். திறப்பு விழாவுக்குக் கல்வி அதிகாரி ஒருவரை அழைப்பதென்று நான் தீர்மானித்திருந்தேன். அவர் தாழ்வாரத்தின் கீழே குனிந்து பள்ளிக்கூடத்துக்குள் நுழைவது எனக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை.

செல்லையாவை அழைத்துக் கிழக்குச் சுவரின் நடுவைத் திறந்து நிலை வைக்கும்படி சொன்னேன். நடுவே நின்ற முட்டுச்சுவரை எடுத்துவிடச் சொன்னேன். அவ்விடத்தில் தாழ்வாரத்தை, ஒருவர் நிமிர்ந்து வரக்கூடிய அளவுக்கு உயர்த்திக் கட்டச் சொன்னேன்.

"மிஸ் வரட்டும் ஐயா" என்றார் செல்லையா.

"நான் தலைவர்."

"ஓம் ஐயா. ஆனால் உந்த முட்டு..."

"அவளுக்குத் தமையனும் நான்தான். வந்தால் நான் பதில் சொல்லுறன்" என்றேன்.

நல்ல வேளையில் நிலை வைத்தோம். மஞ்சள் நீர் தெளித்து, தேங்காய் உடைத்து, முறையாகவே செய்தோம். பாக்கியம் செம்பில் தண்ணீர் வார்த்தார். தெற்கே விட்டிருந்த வாசல் கல்வைத்து அடைக்கப்பட்டது.

தங்கை திரும்பி வந்து, சைக்கிளை நிறுத்தாமலே கையில் பிடித்தபடி அச்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். நிலைக்கு இரு பக்கமும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாராம். "முட்டு எங்கை?" என்று மட்டும் கேட்டாராம். செல்லையா நடந்ததைச் சொன்னாராம். இவையெல்லாம் செல்லையா பின்னர் எனக்குச் சொன்னவை. என்னிடம் வந்தபோது தங்கை கோபமாகப் பேசவில்லை.

"பெரியண்ணை, மழைக்கு முந்தி அந்த வாசலை அடைச்சு முட்டைத் திருப்பி வைக்க வேணும். ஒரு கிழமை வேலை. செல்லையா அண்ணை வாறன் எண்டவர்."

"திறப்பு விழா முடியட்டும்" என்றேன்.

"விழா எப்ப?"

"இந்த மாத முடிவிலை."

அதிகாரி வர இயலாமல் விழா ஒருமுறை பிற்போடப்பட்டது; மீண்டும் ஒருமுறை பிற்போடப்பட்டது. இரண்டு முறையும் தங்கை வந்து கேட்டார். இரண்டு முறையும் நான் அதே மறுமொழியைச் சொன்னேன். ஐப்பசி போயிற்று. கார்த்திகை மழை பிடித்த ஐந்தாம் நாட்காலை, நான் வைத்த வாசலுக்கு வடக்குப் பக்கமாகக் கிழக்குச் சுவர் உள்ளே சரிந்து விழுந்தது.

கனமழையால் பிள்ளைகள் எவரும் அன்று வரவில்லை. அது தெய்வச் செயல். ஆனால் மழையானாலும் கஞ்சிக்காக நாலு பிள்ளைகளாவது வருவார்கள் என்று பாக்கியம் வந்திருந்தார். மழைக்காக உள்ளே வைத்த அடுப்பை மூட்டக் குனிந்த அவருடைய வலது காலின் மேல் சுவர் விழுந்தது. கால் வெட்டப்படாமல் தப்பியது, முழங்கால் மடியாது.

அடுத்த கிழமை பெற்றோர் கூட்டம் நடந்தது. தலைமை வகித்தவன் நான். கூட்டக் குறிப்பு எழுதியவனும் நானே.

"சீமெந்தில்லாமல் வெறும் மண்ணிலை கட்டினால் விழாமல் என்ன செய்யும்?" என்று பின்னாலிருந்து ஒருவர் எழும்பினார். "யமதிசையிலை வாசல் வைக்கப் பாத்த கையெல்லோ!" என்றார் இன்னொருவர். முன்வரிசையில் இருந்த பெண்ணொருவர் மரியாதையாகவே, "மிஸ், நீங்கள் சொல்லுங்கோ. ஏன் விழுந்தது?" என்று கேட்டார்.

தங்கை என்னைப் பார்த்தார். நான் பேனையின் மூடியைக் கழற்றினேன், திரும்ப மாட்டினேன். செல்லையா வாயிலருகே நின்றார். அவரும் என்னைப் பார்த்தார்.

தங்கை எழுந்து சொன்னார்: "வரைஞ்சது நான். கட்டடம் விழுந்தால் வரைஞ்ச ஆள்தான் பதில் சொல்ல வேணும். மூண்டு கிழமை இடத்தை விட்டிட்டுப் போனது என்ரை பிழை."

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யன்று. பொய்யை எழுதியவன் நான். "சுவர் விழுந்தமைக்குக் கட்டடக் கலைஞரின் கவனக்குறைவே காரணம்" என்று என் கையெழுத்தில் எழுதி, வாசித்துக் காட்டி, ஒப்பமிட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்த பிறகாவது என்னிடம் ஏதும் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். பாயில் அமர்ந்து ஒரு தடியைச் சீவிக்கொண்டிருந்தவர், "பெரியண்ணை, பாக்கியமக்காவுக்கு ஊன்றுதடி ஒண்டு செய்யிறன். அளவெடுத்துக்கொண்டு வந்தனான். கைபிடிக்கு நல்ல பாலைமரத் துண்டு ஒண்டு ஆரிட்டையும் கிடக்கோ?" என்றார். அவ்வளவே.

அவர் தம் கையாலேயே செல்லையாவுடன் நின்று அச்சுவரை அதே மண்ணால் எழுப்பினார். முட்டுச்சுவரைத் திருப்பி வைத்தார். வாசலைத் தெற்கே திறந்தார். தை மாதமளவில் வேலை முடிந்தது. திறப்பு விழா எதுவும் நடக்கவில்லை. அதன்பின் வந்த ஒவ்வொரு மாரியையும் அச்சுவர் நின்று பார்த்திருக்கிறது.

ஆயினும் நான் எழுதிய குறிப்பு என் கையை விட்டுப் போய்விட்டது. அதன் பிரதி அலுவலகங்களுக்குப் போனது. அப்போது ஒரு மருத்துவமனையில் பெண் நோயாளர் விடுதி அமைப்பதற்குத் தங்கையிடம் வரைபடம் கேட்டிருந்தார்கள். பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறங்களை ஒட்டிச் சேர்த்து அவர் அதனை வரைந்திருந்தார். தடித்த மண்சுவர், கட்டிலில் படுத்திருப்பவரின் முகத்துக்கு நேரே காற்று வரும்படி தாழ்ந்த யன்னல், முகட்டிலே சூடு வெளியேற இடைவெளி. அவர் வாழ்நாளில் அவ்வளவு ஆசையோடு வேறெதனையும் வரைந்து நான் காணவில்லை. வரைபடம் தற்போதைக்குத் தேவையில்லை என்று இரண்டு வரியில் கடிதம் வந்தது. விடுதி தகரத்தால் கட்டப்பட்டது. அதன் பிறகு எவரும் அவரிடம் பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ கேட்கவில்லை. கிணற்றுக்கு மறைப்பும் மலசலகூடமும் மாட்டுக் கொட்டிலுமே கேட்டார்கள். அவற்றுக்கும் சாம்பற் கோடு போட்டார். மாட்டை அதற்குள் நடத்திப் பார்த்தார். "விழுத்தி மிஸ் வாறா" என்று சிலர் பகிடி பண்ணியதும் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

இவ்வாண்டு அவருக்கு மலேரியாக் காய்ச்சல் கண்டது. முன்னரும் வந்து மாறியிருந்ததால் இதையும் அப்படியே எண்ணினோம். இம்முறை மூளையில் ஏறியது. மருந்து வந்து சேரப் பிந்தியது. அவரைக் கிடத்தியது அந்தத் தகர விடுதியில்.

மத்தியானத்தில் அங்கே அடுப்புக்குள் இருப்பது போலிருக்கும். பக்கத்துக் கட்டிற் பெண்கள் தங்கள் சேலைகளை நனைத்து அவரைச் சுற்றிக் கட்டினார்கள். நான் பனையோலை விசிறியால் விசிறினேன். அறிவு தெளிந்திருந்த ஒரு வேளையில் அவர் மேலே பார்த்துக்கொண்டு சொன்னார்: "முகட்டிலை ஒரு அடி திறந்து விட்டிருந்தால் காணும் பெரியண்ணை. சூடு தன்ரை பாட்டிலை போயிருக்கும்." அது முறைப்பாடன்று. வேலையைப் பற்றிய பேச்சு.

நான் அப்போதுதான் வாய் திறந்தேன். "பிள்ளை, அந்தக் கூட்டக் குறிப்பை நான் மாத்தி எழுதப்போறன்."

கண்ணை முகட்டிலிருந்து என் பக்கம் திருப்பினார். பிறகு, "எழுதுறதெண்டால் சரியா எழுதுங்கோ. முட்டு எடுத்ததாலைதான் விழுந்ததெண்டு எழுதுங்கோ. மண்ணிலை பிழையில்லை. மண்ணிலை பிழையெண்டு சனம் நினைச்சால் இனி ஒருத்தரும் மண்ணிலை கட்டாயினம். சீமெந்து வருமட்டும் பிள்ளையள் மரத்துக்குக் கீழை இருக்கவோ?" என்றார்.

தம் பெயரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இரண்டாம் நாட்காலை எங்களை விட்டுப் பிரிந்தார். வயது நாற்பத்தொன்று.

செத்தவீட்டில், எல்லாரும் கலைந்தபின், பாக்கியம் தடியை ஊன்றிக்கொண்டு என் கதிரைக்கு முன்னால் வந்து நின்றார். "அதிபர் ஐயா, நிலை வைக்கேக்கை நான்தான் தண்ணி வாத்தனான். ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டு மிஸ் சொன்னவா. அவா சொன்னதுக்காண்டி நான் வாய் திறக்கேல்லை. இப்ப அவா இல்லை. இனியும் நான் பொத்திக்கொண்டு இருக்கவோ? நீங்களே சொல்லுங்கோ" என்றார். இக்கட்டுரையே அவருக்கு என் மறுமொழி.

ஆகவே, உறவினரும் நண்பரும் ஊரவரும் அறிய இதனை எழுதி வைக்கிறேன். ஸ்கந்தபுரத்துப் பள்ளிக்கூடத்தின் கிழக்குச் சுவர், அதன் நடு முட்டுச்சுவரை அகற்றி வாசல் திறந்தமையால் விழுந்தது. அதனைச் செய்வித்தவன் கட்டடக்குழுத் தலைவனாகிய நான். மேசன் செல்லையா என்னைத் தடுத்தார். தங்கை மூன்று முறை என்னைக் கேட்டார். மண்ணில் பிழையில்லை. வரைந்தவரிலும் பிழையில்லை. நான் எழுதிய கூட்டக் குறிப்பு பொய்யானது. அதனை மீளப் பெறுகிறேன். இம்மலரின் பிரதியொன்றை அக்குறிப்பு போன அலுவலகங்களுக்கெல்லாம் அனுப்புகிறேன். ஐம்பத்தெட்டு ஆண்டுகளாக என் பெயரை நான் எவ்வளவு கவனமாகக் காத்தேன் என்பது என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். இதற்குமேல் அதுபற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நன்றி சொல்லும் கடமை எஞ்சியிருக்கிறது. தகர விடுதியில் தங்கள் சேலைகளை நனைத்துக் கட்டிய, பெயர் தெரியாத பெண்களுக்கும், ஓய்வின்றி நின்ற தாதியருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. தண்ணீரூற்றிலிருந்து சைக்கிளில் வந்து, எவரும் கேளாமலே பாடையின் முடிச்சுகள் அத்தனையையும் தம் கையால் கட்டிய யோசேப்பு அண்ணருக்கு நன்றி. கட்டி முடித்து, ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்து, "இது சப்பாத்து முடிச்சில்லைப் பிள்ளை" என்று அவர் மெல்லச் சொன்னதை நான் கேட்டேன். கடல் கடந்து வாழ்ந்து, வரமுடியாமல் தொலைவிலிருந்து அழுத தம்பிமார் இருவருக்கும் ஆறுதல். செல்லையாவுக்கு நன்றியோடு மன்னிப்பும் கேட்கிறேன். பாக்கியத்திடம் கேட்க வேண்டியதை நேரிற் போய்க் கேட்டுவிட்டேன். அவர் சொன்ன மறுமொழி எங்கள் இருவருக்கும் உரியது.

முப்பத்தோராம் நாளாகிய இன்று, மதிய போசனத்தை அப்பள்ளிக்கூட மண்டபத்தில் ஒழுங்கு செய்திருக்கிறோம். இம்மலர் உங்கள் கைக்கு வந்ததும் அங்கேதான். நீங்கள் தெற்கு வாசலால் வந்திருப்பீர்கள். தாழ்வாரம் தாழ்ந்தது; எல்லாரும் குனிந்தே வந்திருப்பீர்கள். வேலை முடிந்த அந்தத் தை மாதத்தில் தங்கை அவ்வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரின் தலைக்கு மேலும் கையை வைத்துத் தாழ்வாரத்தில் முட்டாமல் காப்பார். உயரமானவன் என்பதால் எனக்குத் தூரத்திலேயே சொல்லிவிடுவார். இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன், போசனத்துக்கு இடம் பார்க்க நான் தனியாக அங்கே போனேன். வாசலில் எவரும் இல்லை. எனினும் நின்று, அவர் சொல்வதற்கு நேரம் விட்டு, அதன் பிறகே குனிந்தேன்.

"பெரியண்ணை, தலை! தலை கவனம்!"